செப்டெம்பர் பதின்மூன்று, பகல் பன்னிரண்டரை

ஓக்லி, மெல்பேர்ன்
3 மார்ச் 1977

அன்புள்ள கேதீஸ்,

வாசித்து முடிந்ததும் இதைக் கிழித்துவிடு. வழக்கமாகச் சுகம் விசாரித்துத்தான் தொடங்குவேன். இன்றைக்கு அதற்கு மனம் வரவில்லை.

திங்கட்கிழமை சஞ்சிகை அலுவலகத்திலிருந்து ஒரு தடித்த உறை வந்தது. ஒரு கட்டுரையை வாசித்து, அச்சிடலாமா கூடாதா என்று மதிப்பீடு எழுதித் தரச் சொல்லி எடிட்டர் அனுப்பியிருந்தார். பிரித்தால் முதற் பக்கத்தில் உன் பெயர், அதற்குக் கீழே உன் பேராசிரியரின் பெயர். மூளைக்காய்ச்சல் வந்த கைக்குழந்தைகளுக்கு ஏற்றும் மருந்தைக் கலக்கி, குளிர்ப்பெட்டியில் ஏழு நாள் வைத்தாலும் வலுக் குறையாது என்று இருவரும் எழுதியிருக்கிறீர்கள்.

நாங்கள் அக்கா தம்பி என்று எடிட்டருக்குத் தெரியாது. தெரியவும் வழியில்லை. உனக்கு உன் பெயர், எனக்கு அத்தானின் பெயர். கடதாசியில் டொக்டர் என். வரதராஜா என்று இருக்கிறவள் கே. கேதீஸ்வரனுடன் கூடப்பிறந்தவள் என்று எந்த வெள்ளைக்காரன் கண்டுபிடிப்பான்? நான்தான் கட்டுரையைத் திருப்பிக் கொடுத்து, 'இவன் என் தம்பி, வேறு யாரிடமாவது கொடுங்கள்' என்று சொல்லியிருக்க வேண்டும். அதுதான் ஒழுங்கு. உனக்கு இப்படி எழுதுவதும் ஒழுங்கில்லை. மதிப்பிடுகிறவர் யார் என்று எழுதியவருக்குத் தெரியக்கூடாது.

போன வருடமும் சொல்லாமல்தான் விட்டேன். உன் முதற் கட்டுரை என்னிடம் வந்தபோது அத்தான் கேட்டார்: "தம்பியின்ரை எண்டு எடிட்டருக்குச் சொல்லிப்போட்டியா?" "ஓம், சொல்லிப்போட்டன்" என்றேன். சொல்லவில்லை. நல்ல கட்டுரை, யார் வாசித்திருந்தாலும் விட்டிருப்பார்கள், அதனால்தானே உனக்கு வேலை கிடைத்தது என்று என்னை நானே ஆற்றிக்கொண்டேன்.

இது அப்படி இல்லை. மருந்துக் கட்டுரை என்றால் ஆய்வுகூடக் குறிப்புக் கொப்பியின் பக்கங்களையும் படியெடுத்து இணைக்க வேண்டும் என்பது இந்தச் சஞ்சிகையின் வழக்கம். உன் கொப்பியை வாசித்தேன். செப்டெம்பர் எட்டாம் திகதி மருந்தைக் கலக்கி, பதினைந்தாம் திகதி வரை ஒவ்வொரு நாளும் பகல் பன்னிரண்டரைக்கு அளந்ததாக இருக்கிறது. எல்லா வரியும் உன் எழுத்து. ஒவ்வொரு வரியின் முடிவிலும் உன் கையொப்பம்.

பதினோராம் திகதி காலை ரெயினால் இறங்கி எங்கள் வீட்டுக்கு வந்தாய். பதின்மூன்று அப்பாவின் முப்பத்தோராம் நாள். பதினாலாம் திகதி பின்னேரம்தான் திரும்பிப் போனாய். அந்த நாலு நாளும் சிட்னியில் யார் அளந்தது, கேதீஸ்?

பதிலை வீட்டுக்குப் போடாதே. என் டிப்பார்ட்மென்ட் விலாசத்துக்குப் போடு.

அக்கா


ஹரிஸ் பார்க், சிட்னி
8 மார்ச் 1977

அன்பான அக்கா,

உங்கள் கடிதத்தை முதலில் நின்றபடி வாசித்தேன், பிறகு இருந்து வாசித்தேன். நான் ஏதோ வங்கியை உடைத்துவிட்டு ஒளித்திருப்பவன் மாதிரி எழுதியிருக்கிறீர்கள். நல்ல காலம், அறையை வாடகைக்குத் தந்த வீட்டுக்காரிக்குத் தமிழ் தெரியாது.

பயப்பட ஒன்றுமில்லை. நான் இல்லாத நாட்களில் பிரையன் அளந்தான். எங்கள் உதவியாளன் பிரையனைப் பற்றி உங்களுக்குச் சொல்லியிருக்கிறேன். அவன் துண்டுக் கடதாசியில் குறித்து வைத்ததை நான் வந்து கொப்பியில் எழுதினேன். அவனுடைய எழுத்தை அவனாலேயே வாசிக்க முடியாது. அவ்வளவுதான் கதை.

அந்தக் கிழமை நான் மெல்பேர்னில் நின்றது இங்கே ஒருவருக்கும் தெரியாது, அதையும் சொல்லிவிடுகிறேன். லீவு கேட்கப் போனபோது பேராசிரியர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உன்ரை தகப்பன் செத்து ஒரு மாதம் ஆகுது. இப்ப என்னத்துக்கு லீவு?" என்றார். முப்பத்தோராம் நாள் என்றால் என்னவென்று அந்த மனுஷனுக்கு நான் எங்கே தொடங்கி விளங்கப்படுத்துவது? ஊருக்குப் போய்க் கொள்ளி வைக்கத்தான் கொடுத்து வைக்கவில்லை, இதையாவது செய்யாவிட்டால் நான் என்ன பிள்ளை என்று பேசாமல் வெள்ளிக்கிழமை ரெயின் ஏறிவிட்டேன். புதன்கிழமை மீசை இல்லாமல் போய் நின்றபோது எல்லோரும் சிரித்தார்கள். காதலி சொன்னாளா என்று கேட்டார்கள். ஓம் என்று சொல்லிவிட்டேன்.

அக்கா, ஏப்ரல் இருபதாம் திகதி எனக்கு நிரந்தர வேலைக்கு இன்டர்வியூ. 'கட்டுரை ஏற்கப்பட்டது' என்று உங்கள் சஞ்சிகையிலிருந்து ஒரு வரிக் கடிதம் கையில் இருந்தால் வேலை எனக்குத்தான் என்று பேராசிரியர் சொல்லியிருக்கிறார். வேலை நிரந்தரமானால் இங்கே தங்க அனுமதி. அனுமதி கிடைத்தால் சிவமணியைக் கூப்பிடலாம். அவள் யாழ்ப்பாணத்தில் இருந்து ஒவ்வொரு கிழமையும் எழுதுகிறாள், நான் ஒவ்வொரு கிழமையும் 'வாற மாதம்' என்று எழுதுகிறேன். அவளுடைய தகப்பன் கல்யாணத்துக்கு இனிப் பொறுக்கமாட்டார்.

கட்டுரை உங்கள் கைக்கு வந்தது எங்கள் அதிர்ஷ்டம். சும்மா இரண்டு கேள்வி கேட்டு, நாலு காற்புள்ளியைத் திருத்தி அனுப்பிவிடுங்கோ. அத்தானுக்கும் சின்னவளுக்கும் என் அன்பு.

கேதீஸ்


மெல்பேர்ன்
14 மார்ச் 1977

கேதீஸ்,

நீ பகிடி விடும்போதெல்லாம் எதையோ ஒளிக்கிறாய் என்பது நீ நாலு வயதாக இருந்தபோதே எனக்குத் தெரியும்.

செப்டெம்பர் பதினொன்று சனி, பன்னிரண்டு ஞாயிறு. "சனி ஞாயிறிலை பிரையனைப் பிடிக்கவேணும் எண்டால் ஃபுட்போல் மைதானத்துக்குத்தான் போகவேணும்" என்று என் குசினியில் கதிரையைப் போட்டு இருந்துகொண்டு நீயே சொல்லிச் சிரித்தாய். அவன் உனக்காக இரண்டு நாளும் லாப்புக்கு வந்து அளந்தான் என்றால் நான் நம்ப வேண்டுமா?

பதின்மூன்றாம் திகதி எடுத்த படம் என் மேசை லாச்சிக்குள் இருக்கிறது. இப்போது எடுத்து முன்னால் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். பின்வளவில் உடுப்புக்கொடிக்குப் பக்கத்தில் நிற்கிறாய், மீசை இல்லை, வேட்டி கட்டியிருக்கிறாய், கையில் சோற்றுத் தட்டு. காகத்துக்கு வைத்த சோற்றை மக்பை என்ற இந்த ஊர்ப் பறவை வந்து தின்றுவிட்டது என்று எல்லோரும் கவலைப்பட, அப்பாவுக்கு அது போதும் என்று நீ சொன்னாய். அத்தான் அப்போதுதான் படம் எடுத்தார். பின்பக்கத்தில் என் கையால் எழுதியிருக்கிறேன்: 13-9-76, பகல் பன்னிரண்டரை, அப்பாவின் முப்பத்தோராம் நாள்.

உன் கொப்பியில் அதே நாள், அதே பன்னிரண்டரை. மருந்தின் வலு நூற்றுக்குத் தொண்ணூற்று நாலு. கையொப்பம் கே. கே.

இன்னொன்று. உன் எண்கள் தொண்ணூற்று ஏழு, ஆறு, ஐந்து, நாலு என்று படி இறங்குகிற மாதிரி இறங்குகின்றன. நான் பதினொரு வருடமாக இதே வேலைதான் செய்கிறேன். மருந்து இவ்வளவு ஒழுக்கமாக வலுவிழந்து நான் கண்டதில்லை. தொண்ணூறுக்குக் கீழே போனால் அதைக் குழந்தைக்கு ஏற்றக்கூடாது என்று உனக்கும் தெரியும்.

நான் பயந்துபோயிருக்கிறேன். ஒன்று மட்டும் சொல். உங்கள் ஆஸ்பத்திரி வாட்டில் இதை ஏற்கெனவே பாவிக்கத் தொடங்கிவிட்டார்களா?

அக்கா


ஹரிஸ் பார்க்
18 மார்ச் 1977

அக்காவுக்கு,

ஓம், பிரையன் அளக்கவில்லை. ஒருவரும் அளக்கவில்லை. நான் புதன்கிழமை வந்து பார்த்தபோது நாலு நாளும் வெறுமையாகக் கிடந்தது. பேராசிரியரிடம் போய் நான் மெல்பேர்ன் போனதைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. காய்ச்சலாகப் படுத்திருந்தேன் என்றேன். அவர் கொப்பியைப் பார்த்துவிட்டுச் சொன்னது இதுதான்: "முதல் இரண்டு நாளும் இருக்கு. கோடு எப்பிடிப் போகும் எண்டு உனக்குத் தெரியும்தானே. நிரப்பு." நிரப்பினேன். நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

ஓம், ஜனவரியிலிருந்து வாட்டில் பாவிக்கிறார்கள். முன்பு ஒவ்வொரு நாளும் புதிதாகக் கலக்குவார்கள், இப்போது ஒருமுறை கலக்கி ஏழு நாள் வைக்கிறார்கள். எல்லோருக்கும் வேலை மிச்சம், எல்லோரும் சந்தோஷம்.

இனி நான் ஒன்று கேட்கிறேன். போன வருடம் நீங்கள் என்ன செய்தீர்கள்? என் அக்கா என்று ஒருவருக்கும் சொல்லாமல் என் கட்டுரைக்கு நற்சாட்சி எழுதினீர்கள். அப்போது ஒழுங்கு எங்கே போனது? இப்போது நீதிபதி மாதிரி என் சனி ஞாயிறை எண்ணுகிறீர்கள். நான் விழுந்தால் தனியாக விழமாட்டேன், அக்கா. இதை நீங்கள் வெருட்டு என்று எடுத்தாலும் சரி.

பேராசிரியர் ஒரு வரி எழுதித் தந்தால் நான் இந்த நாட்டில் இருக்கலாம். தராவிட்டால் பெட்டி கட்ட வேண்டும். உங்களுக்கு வீடு இருக்கிறது, அத்தான் இருக்கிறார், பாஸ்போர்ட்டில் முத்திரை இருக்கிறது. எனக்கு ஒரு அறையும் ஒரு கொப்பியும்தான்.

ரெலிபோன் எடுக்க வேண்டாம். அது வீட்டுக்காரியின் அறை வாசலில் இருக்கிறது. லாப்புக்கும் எடுக்க வேண்டாம்.

கேதீஸ்வரன்


மெல்பேர்ன்
23 மார்ச் 1977

தம்பி,

உன் கடிதம் வந்து இரண்டு நாளாகிறது. முழுப்பெயரில் கையெழுத்து வைத்திருக்கிறாய். அதைப் பார்க்கத்தான் அழுகை வந்தது.

நீ சொன்னது சரி. போன வருடம் நான் செய்தது பிழை. அந்தப் பிழை இல்லாவிட்டால் நீ இன்றைக்கு என்னை வெருட்டவும் முடியாது, நான் பயந்து நடுங்கவும் வேண்டாம். நேற்று எடிட்டர் ரெலிபோன் எடுத்து மதிப்பீடு எங்கே என்று கேட்டார். நல்ல மனுஷன், குரலை உயர்த்தவே தெரியாது. 'இவன் என் தம்பி' என்று சொல்ல வாய் எடுத்தேன். சொன்னால் அடுத்த கேள்வி போன வருடத்தைப் பற்றித்தான் இருக்கும் என்று நினைத்ததும் விட்டுவிட்டேன். சின்னவளுக்கு அம்மை போட்டிருக்கிறது, இரண்டு கிழமை தாருங்கள் என்று பொய் சொன்னேன். பின்னேரம் பள்ளிக்கூடத்தால் வந்த பிள்ளையின் நெற்றியை நாலு தரம் தொட்டுப் பார்த்தேன். "What's wrong, Amma?" என்று கேட்கிறாள்.

அத்தான் என் முகத்தைப் பார்த்து ஏதோ இருக்கிறது என்று ஊகித்துவிட்டார். வேலை கூடிவிட்டது என்றேன். எத்தனை பொய் சொல்லியாகிவிட்டது, நீயே கணக்குப் பார்.

இந்த இரண்டு கிழமையும் உனக்காகத்தான் வாங்கினேன். மறுபடி கலக்கு. ஏழு நாளும் நீயே நின்று அள. ஒருவருக்கும் சொல்லாதே. எண் தொண்ணூறுக்கு மேலே நின்றால் நீ நிரப்பியது பொய்யாக இருந்தாலும் குழந்தைகளுக்குத் தீங்கில்லை என்றாவது தெரியும். பிறகு என்ன செய்வது என்று யோசிப்போம். கீழே போனால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியாது, கேதீஸ். எனக்கு உண்மையாகவே தெரியாது.

அக்கா


ஹரிஸ் பார்க்
5 ஏப்ரல் 1977

அக்கா,

போன கடிதத்தில் எழுதியதை மறந்துவிடுங்கோ. விசர் பிடித்தவன் மாதிரி எழுதிவிட்டேன்.

அளந்தேன். இரண்டு நாள் தொண்ணூறுக்கு மேலே நின்றது. மூன்றாம் நாள் எண்பத்தெட்டு. ஐந்தாம் நாள் அறுபத்தெட்டு. ஏழாம் நாள் ஐம்பத்தொன்று.

இன்னும் ஒன்று உங்களுக்கு நான் சொல்லவில்லை. செப்டெம்பர் பதினைந்தாம் திகதி நான் லாப்பில்தான் நின்றேன். அன்றைக்கு நான் அளந்தது உண்மை. ஐம்பத்திரண்டு வந்தது. பேராசிரியரிடம் காட்டினேன். "நீ இல்லாத நேரம் ஆரோ பிறிட்ஜைத் திறந்துபோட்டு விட்டிருப்பினம்" என்றார். எனக்கும் அதை நம்பத்தான் விருப்பமாக இருந்தது, நாலு நாள் நான் அங்கே இல்லைத்தானே. கொப்பியில் தொண்ணூற்று இரண்டு என்று எழுதினேன்.

நேற்றுப் புது எண்களைக் கொண்டுபோய் அவர் மேசையில் வைத்தேன். அவர் வாசித்தார், மடித்தார், லாச்சிக்குள் வைத்துப் பூட்டினார். "இன்டர்வியூ சபையிலை நானும் இருக்கிறன், தெரியும்தானே?" என்று மட்டும் கேட்டார். சத்தம் போட்டிருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

இனி ஈஸ்ரர் வருகிறது. நாலு நாள் மருந்தகம் பூட்டு. நாளைக்கு, புதன்கிழமை, எல்லாப் போத்தலையும் கலக்கி வாட்டில் அடுக்கிவிடுவார்கள். ஐந்தாம் நாள் திங்கட்கிழமை. அந்த எண் என் தலைக்குள் நின்று அடிக்கிறது.

இருபதாம் திகதி முடியட்டும், அக்கா. அதுவரை கட்டுரையை வைத்திருங்கோ, கையெழுத்து வைக்க வேண்டாம். வேலை கிடைத்த மறுநாள் நானே போய் எல்லாவற்றையும் சொல்கிறேன். அந்தப் படம் பத்திரமாக இருக்கட்டும். என்னை நம்புங்கோ.

கேதீஸ்


மெல்பேர்ன்
13 ஏப்ரல் 1977

என் தம்பிக்கு,

முடிந்துவிட்டது. இனி நீ பயப்பட வேண்டாம்.

இன்று காலை எடிட்டர் என் அறைக்கே வந்துவிட்டார். மற்ற மதிப்பீட்டாளர் உன் கட்டுரையைப் புகழ்ந்து எழுதிய கடிதம் அவர் கையில் இருந்தது. "உங்கடை மதிப்பீடு மட்டும்தான் மிச்சம். இந்தப் பெடியன்ரை போன கட்டுரையையும் நீங்கள்தானே பார்த்தனீங்கள், இவன்ரை வேலையை உங்களைவிட ஆருக்குத் தெரியும்?" என்றார். அடுத்த வருடம் சஞ்சிகையின் ஆசிரியர் குழுவுக்கு என் பெயரைச் சொல்லியிருக்கிறாராம். மேசைக்குப் பக்கத்திலேயே நின்றார். என் பேனையையும் அவரே எடுத்துத் தந்தார்.

கையெழுத்து வைத்தேன். திருத்தம் ஒன்றும் தேவையில்லை, அச்சிடலாம் என்று எழுதினேன்.

அறுபத்தெட்டு, ஐம்பத்தொன்று எல்லாம் எனக்கு நினைவில் இருந்தது. மறந்துபோய் வைக்கவில்லை. நான் யோசித்தது இப்படி. அச்சில் வர எட்டு மாதம் ஆகும். அதற்குள் உனக்கு வேலை கிடைத்துவிடும், சிவமணி வந்துவிடுவாள், பிறகு நீ ஆறுதலாக ஒரு திருத்தம் எழுதலாம். வாட்டுக்கு நீ மெதுவாகச் சொல்லிவிடு, இரண்டு நாளுக்கு மேல் வைக்க வேண்டாம் என்று, காரணம் ஒன்றும் சொல்லாமல். அப்பா இல்லை, எங்களுக்கு யார் இருக்கிறார்கள்? நீ பெட்டி கட்டிக்கொண்டு ஊருக்குப் போய் அம்மாவுக்கு முன்னால் நிற்பதை நினைக்க என்னால் முடியவில்லை. உனக்காகத்தான் செய்தேன்.

படத்தை எரித்துவிட்டேன். குசினித் தொட்டிக்குள் வைத்து நெருப்புக் கொளுத்திச் சாம்பலைக் கழுவி விட்டேன். உன் கடிதங்களையும் அப்படியே செய்தேன். நீயும் என்னுடையவற்றை எரித்துவிடு. இனி எந்த ஆதாரமும் இல்லை.

நல்லாய்ச் சாப்பிடு. இன்டர்வியூவுக்கு அந்தச் சாம்பல் நிறக் கோட்டைப் போடு.

அக்கா


ஹரிஸ் பார்க்
13 ஏப்ரல் 1977

அன்பான அக்கா,

இருபதாம் திகதிவரை காத்திருக்க என்னால் முடியவில்லை. சொல்லிவிட்டேன்.

திங்கட்கிழமை லீவுதான், ஆனாலும் வாட்டுக்குப் போனேன். ஏன் போனேன் என்று கேட்டால், அறையில் இருக்க முடியவில்லை. ஆறு கிழமைக் குழந்தை ஒன்று, ஆண் பிள்ளை. மூளைக்காய்ச்சல். சனிக்கிழமை காய்ச்சல் இறங்கத் தொடங்கியதாம், ஞாயிறு திரும்ப ஏறிவிட்டதாம். தாய் பக்கத்தில் கதிரையில் இருந்தாள், கோட்டைக்கூடக் கழற்றவில்லை. தொங்கிய போத்தலில் ஆறாம் திகதி என்று எழுதியிருந்தது. நேர்ஸ் என்னைப் பார்த்து, "உங்கடை மருந்துதான் எங்களுக்கு இந்த லீவிலை பெரிய உதவி" என்றாள்.

அக்கா, நான் அந்த இடத்திலேயே சொன்னேன். போத்தலைக் கழற்றுங்கோ, எல்லாவற்றையும் ஊற்றுங்கோ, புதிதாகக் கலக்குங்கோ என்றேன். ஏன் என்று கேட்டாள். நான் பொய் எழுதினேன் என்றேன். ஆங்கிலத்தில் அதைச் சொல்லுவது இவ்வளவு லேசா என்று எனக்கே ஆச்சரியம். தாய்க்கும் கேட்டிருக்கும். அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்தப் பார்வையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

நேற்றுப் பேராசிரியர் என் லாப்புத் திறப்பை வாங்கிக்கொண்டார். இன்டர்வியூ இல்லை. உங்கள் எடிட்டருக்கு நேற்றே அவசரத் தபாலில் எழுதிவிட்டேன்: நாலு நாள் எண்ணும் நான் இட்டுக்கட்டியது, ஏழாம் நாள் எண்ணை மாற்றினேன், கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன்.

உங்களைப் பற்றியும் எழுதினேன். கோபிக்க வேண்டாம். டொக்டர் வரதராஜா என் அக்கா, இந்தப் பொய்யைக் கண்டுபிடித்தவர் அவர்தான், ஒரு மாதமாக என்னுடன் சண்டை பிடித்துக் கட்டுரையைக் கையெழுத்து வைக்காமல் மறித்து வைத்திருப்பவர் அவர்தான் என்று எழுதினேன். உங்கள் பெயருக்கு ஒரு குறையும் வராது. போன வருடத்துக் கதையை நான் எழுதவில்லை. அது நீங்கள் சொல்ல வேண்டியது.

பேராசிரியர் தனக்கு ஒன்றும் தெரியாது என்கிறார். நான் செப்டெம்பர் பதின்மூன்றாம் திகதி லாப்பில்தான் நின்றேனாம், கொப்பியில் என் கையொப்பம் இருக்கிறதாம், வேலை கிடைக்காது என்ற கோபத்தில் புதுக்கதை கட்டுகிறேனாம். கொப்பியில் நான் எழுதியது பொய் என்று எங்கள் ஆஸ்பத்திரி மருத்துவர்கள் நம்பினால்தான் மற்ற ஆஸ்பத்திரிகளும் போத்தல்களை ஊற்றும். இரண்டு இடத்துக்கு இந்த முறையைச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம், அக்கா. அதனால் எடிட்டர் கேட்டால் அந்தப் படத்தைக் காட்டுங்கோ. பின்பக்கத்தில் நீங்கள் எழுதியது போதும்.

பயம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் உங்களிடம் அந்தப் படம் இருக்கிறது என்று நினைக்க நித்திரை வருகிறது.

உங்கள் தம்பி கேதீஸ்


மெல்பேர்ன்
15 ஏப்ரல் 1977, வெள்ளி, பின்னேரம்

கேதீஸ்,

என் கடிதம் உனக்கு இன்று கிடைத்திருக்கும். உன்னுடையது மத்தியானம் எனக்குக் கிடைத்தது.

அதற்கு முன்பே எடிட்டர் கூப்பிட்டுவிட்டார். இரண்டு கடதாசியையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார். "நீங்கள் கண்டுபிடிச்சு மறிச்சு வைச்சிருக்கிறியள் எண்டு உங்கடை தம்பி எழுதுறார். அச்சிடலாம் எண்டு புதன்கிழமை நீங்கள் எழுதித் தந்திருக்கிறியள். எதை நான் நம்ப?" என்றார். அப்போதும் குரலை உயர்த்தவில்லை. திங்கட்கிழமை பத்து மணிக்கு, கையில் இருப்பதை எல்லாம் கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்.

கையில் ஒன்றும் இல்லை. அதை நான்தான் எரித்தேன். உனக்காகச் செய்தேன் என்று எழுதினேன். பொய். எனக்காகத்தான் செய்தேன். போன வருடம் வெளியில் வந்துவிடும் என்ற பயத்தில் செய்தேன். நீ அந்தப் பிள்ளையின் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று உண்மையைச் சொல்லி இரண்டு நாள் கழித்து, எல்லா எண்ணும் தெரிந்தே நான் கையெழுத்து வைத்திருக்கிறேன். இதை உன்னிடம் சொல்லாமல் வேறு எவரிடமும் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

அந்தக் குழந்தை எப்படி இருக்கிறது? தயவுசெய்து அதை முதலில் எழுது.

படம் போனாலும் நெகற்றிவ் இருக்கிறது. எல்லா நெகற்றிவ்களையும் அத்தான் திகதி எழுதிப் பிஸ்கற் ரின்னுக்குள் அடுக்கி வைத்திருப்பார், ரின் அவருடைய அலுமாரிக்குள், திறப்பு அவரிடம். எதற்கு என்று கேட்பார். எதற்கு என்று சொன்னால் போன வருடம் 'ஓம், சொல்லிப்போட்டன்' என்றது முதற்கொண்டு சொல்ல வேண்டும். கல்யாணம் கட்டிப் பத்து வருடம், என் வாயால் வந்த ஒரு சொல்லையும் அவர் இரண்டாம் தரம் கேட்டதில்லை. இனி ஒவ்வொன்றையும் கேட்பார். வேலை போனாலும் பரவாயில்லை என்று தோன்றுகிறது, இதற்குத்தான் பயப்படுகிறேன்.

ஐந்தரை ஆகிறது. அத்தானின் கார் வளவுக்குள் வந்துவிட்டது. சின்னவள் கதவைத் திறக்க ஓடுகிறாள்.

இந்தக் கடிதத்தைக் கிழிக்காதே. வைத்திரு.

நாகேஸ்வரி அக்கா